முன்விளக்கின் இருளுக்கு விலை கொடுப்பவர் யார்?

மோட்டார் வாகனத்தின் முன்விளக்கு அலங்காரப் பொருளன்று; அது வண்டியின் கண். கண் மங்கிய மாட்டை வண்டியிற் பூட்டி இரவில் வீதிக்கு அனுப்பும் கமக்காரன் எம் மண்ணில் எவனும் இல்லை. ஆனால், கண் பழுதா நலமா என்று பாராமலே இயந்திரங்களைத் துறைமுகத்தில் இறக்கவிட்டு, காரின் விலையையே விஞ்சி நிற்கும் வரியையும் வாங்கிக் கஜானாவிற் போட்டுக்கொண்டு, "இனி உன் பாடு, உன் வண்டியின் பாடு" என்று கைவிரிக்கும் ஆட்சிமுறை ஒன்று கொழும்பிலே நிலைபெற்றிருக்கிறது. கட்சிகள் மாறின, மந்திரிகள் மாறினர், இந்தக் கைவிரிப்பு மட்டும் மாறவில்லை.

இது கார் வைத்திருக்கும் சீமான்களின் கவலை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நள்ளிரவில் நோயாளியைப் பார்க்கப் புறப்படும் வைத்தியர், தம்புள்ளைச் சந்தைக்கு விடியுமுன் மரக்கறி கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய லொறிக்காரர், அந்த லொறியை நம்பித் தம் விளைச்சலை ஒப்படைத்த கமக்காரர், வேலை முடித்து வீதியோரமாகச் சைக்கிளில் வீடு திரும்பும் கூலித் தொழிலாளி ஆகிய இத்தனை பேரின் உயிரும் இரண்டு விளக்குக் கூடுகளின் ஒளியிலே தொங்குகிறது. அந்த ஒளி பழுதுபட்டுப் பிறந்திருந்தால், அதைத் திருத்தும் செலவு யாருடையது? செய்தவனுடையதா? விற்றவனுடையதா? அல்லது ஒன்றும் அறியாது வாங்கியவனுடையதா? இதுவே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

தேய்வு வேறு, பிறவிக் குறை வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். மின்குமிழ் எரிந்துபோவது தேய்வு. அதை மாற்றுவது உரிமையாளன் கடமை. வெயிலில் நின்று நின்று விளக்கின் பிளாஸ்ரிக் மூடி மஞ்சளிப்பதும் தேய்வே. ஆயினும் அது சிறிய தேய்வன்று. அமெரிக்க மோட்டார்ச் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூடி மங்கிய பழைய முன்விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தந்தன என்று கண்டறியப்பட்டது. கண் இருந்தும் பார்வை ஐந்தில் ஒன்று! இதைத் தேய்த்துத் துலக்குவதும் மாற்றுவதும் உரிமையாளன் பொறுப்பென்றே நாமும் கொள்கிறோம்.

ஆனால், விளக்கை இயக்கும் மின்கருவி தொழிற்சாலையிலேயே பழுதாக அமைந்து, ஓடும் வண்டியில் இரு விளக்குகளும் ஒருங்கே அணைந்தால் அது தேய்வா? ஒளியைத் திருப்பும் உட்கண்ணாடியின் வடிவம் பிழைத்து, எதிரே வருபவன் கண்ணைப் பறித்தால் அது தேய்வா? அல்ல. அது பிறவிக் குறை. குறையைப் பெற்றவனே அதற்குப் பொறுப்பாளி. இந்த எளிய நீதியைத்தான் பிற நாடுகள் சட்டமாக்கி, அதற்கு மீளழைப்பு என்று பெயரிட்டிருக்கின்றன. குறையுள்ள வாகனத்தைச் செய்த கம்பனி, உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பி, வாகனத்தைத் திரும்ப அழைத்து, காசு வாங்காமல் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அமெரிக்கா செய்தது

இந்நீதி கம்பனிகளின் கருணையாற் பிறந்ததன்று. அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966இல் நிறைவேறியது. அறிவித்தல் மாத்திரம் போதாது, செலவின்றித் திருத்தியும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. அன்றுமுதல் அங்கே கம்பனிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன.

இரண்டு உதாரணங்கள் போதும். 2014இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 316,000க்கு மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது. காரணம், தாழ்வெளிச்ச விளக்கை இயக்கும் மின்கருவி சூடேறிப் பழுதடைந்து, விளக்குகள் அணையக்கூடும் என்பதே. அதே கம்பனியின் ரெறெயின் என்னும் வாகனத்தில் வேறொரு குறை. விளக்கிலிருந்து சிதறிய ஒளி, சில கோணங்களில், சட்டம் அனுமதித்த அளவின் மூன்று மடங்காக இருந்தது. "இது அற்பக் குறை, மீளழைப்பிலிருந்து எமக்கு விலக்குத் தாருங்கள்" என்று கம்பனி மனுக் கொடுத்தது. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2022இல் அந்த மனுவை நிராகரித்தது. 740,000 வாகனங்கள் திருத்தப்பட வேண்டியதாயிற்று. உலகப் பெருங் கம்பனி ஒன்று அற்பம் என்று சொன்னதை, ஓர் அரசாங்கத் திணைக்களம் அற்பமன்று என்று சொல்லி நிலைநாட்டிற்று. சட்டமும் முதுகெலும்பும் ஒன்றுசேர்ந்தால் ஆகும் காரியம் இது.

அங்கும் எல்லாம் நிறைவென்று நாம் சொல்லவில்லை. 2006 முதல் 2009 வரையான ரொயோட்டா பிரியஸ் கார்களின் செனன் விளக்குகள் ஓட்டத்திலேயே அணைகின்றன என்று அமெரிக்க உரிமையாளர் நூற்றுக்கணக்கில் முறையிட்டனர், நீதிமன்றமும் ஏறினர். மீளழைப்பு என்ற பெயரில் அன்றி, உத்தரவாத நீடிப்பு என்ற பெயரிலேயே அவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. ஆயினும் முறையிட ஓர் இடமும், முறைப்பாட்டைப் பதியும் ஒரு ஏடும், ஏறுவதற்கு ஒரு நீதிமன்றப் படியும் அவர்களுக்கு இருந்தன. அதே பிரியஸ் எம் வீதிகளிலும் ஓடுகிறது. எம்மவர் முறையிட்ட இடம் எது? மூலைக் கராஜின் வாங்குதான்!

யப்பானில் ஒரு நீதி, துறைமுகத்துக்கு இப்பால் வேறொரு நீதி

எம் நாட்டுக் கார்களிற் பல பிறந்த யப்பானைப் பார்ப்போம். யப்பானின் வீதிப் போக்குவரத்து வாகனச் சட்டம் 1951இல் வந்தது. இலங்கையின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும் 1951இன் 14ஆம் இலக்கச் சட்டமே. இரண்டும் ஓராண்டுப் பிள்ளைகள். யப்பான் தன் பிள்ளையை வளர்த்தது. 1969இல் மீளழைப்பு முறையை ஏற்படுத்தியது. 1994இல் அதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தது. மிற்சுபிசிக் கம்பனி வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒளித்துவைத்திருந்தது 2000ஆம் ஆண்டில் அம்பலமானது. கண்காணிப்பில்லாத இடத்தில் கம்பனியின் மனச்சாட்சி எத்தகையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

முன்விளக்கைப் பொறுத்தவரை அங்குள்ள கண்டிப்பு இன்னும் பெரிது. தனியார் கார் ஒன்று புதிதாகப் பதிந்து மூன்றாண்டில் ஒருமுறையும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் சோதனைக்கு நிற்க வேண்டும். 1998 செப்டெம்பர் முதல் தயாரான கார்களின் தாழ்வெளிச்சம், விளக்கு ஒன்றுக்கு 6,400 கண்டெலாவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கார் வீதிக்கு வராது. தக்காத்தா கம்பனியின் காற்றுப்பைகள் வெடித்து உலகெங்கும் உயிர்களைக் குடித்தபோது, ஆபத்து மிகுந்த பைகளை மாற்றாத கார்களுக்குச் சோதனைச் சான்றிதழே இல்லை என்று 2018 மே முதல் யப்பானிய அரசாங்கம் கதவை அடைத்தது. மீளழைப்பையும் ஓட்டும் அனுமதியையும் ஒரே முடிச்சிற் போட்டுவிட்டது.

இனித் துறைமுகத்துக்கு இப்பால் வாருங்கள். மீளழைப்பு அறிவித்தல் யாருக்குப் போகும்? யப்பானின் பதிவேட்டில் உள்ள உரிமையாளனுக்கு. ஏற்றுமதிக்காக அங்கே பதிவு நீக்கப்பட்டுக் கப்பலேறிய வாகனத்தைத் தேடி அந்தக் கடிதம் கடல் கடந்து வருமா? மானிப்பாயிலோ மன்னாரிலோ அந்த வாகனத்தை வாங்கியிருப்பவரின் பெயரை அந்தக் கம்பனி அறியுமா? அடிச்சட்ட இலக்கம் ஒன்றே, குறையும் ஒன்றே, ஆனால் உரிமை மாத்திரம் கப்பலேறும்போது கரையிலே கழற்றி வைக்கப்பட்டுவிடுகிறது. யப்பானியன் உயிருக்கு ஒரு விலை, இலங்கையன் உயிருக்கு வேறொரு விலை என்று எந்த வேதம் சொல்கிறது?

ஒரு மின்குமிழ் காலமும் இன்றைய காலமும்

செலவின் கதையையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் சோமசெற்றும் ஆண்ட காலத்தில், முன்விளக்கு என்பது ஏழு அங்குல வட்டம். ஒரு காரின் விளக்கு மற்றக் காருக்கும் பொருந்தும். எரிந்தால் கழற்றுவார்கள்; கடையில் வாங்கிப் பூட்டுவார்கள்; அரை மணி நேரத்தில் காரியம் முடியும். போர்க்காலத்தில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் தடைப்பட்டிருந்தபோது, மண்ணெண்ணெயிலே கார் ஓட்டிக் காட்டிய கைகள் எம் கராஜ்காரரின் கைகள். அந்தக் கைகளுக்கு அறிவு குறைந்துவிடவில்லை.

மாறியது விளக்கு. இன்றைய எல்.ஈ.டி. விளக்கிலே மின்குமிழைத் தனியே கழற்ற முடியாதபடி, ஒளிதரும் சில்லும், குளிரூட்டும் தகடும், இயக்கும் மின்கருவியும் மூடியும் ஒரே கூடாக ஒட்டி அடைக்கப்பட்டவை பல. உள்ளே ஒரு சிறு பாகம் பழுதானால் முழுக் கூட்டையுமே மாற்று என்கிறது கம்பனி. புதிதாக வாங்கினால் பல கார்களுக்கு ஒரு விளக்கின் விலையே லட்சத்தைத் தாண்டும். 2022இல் நாடு வங்குரோத்தாகி, டொலர் ஒன்று இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டபோது, இறக்குமதியாகும் ஒவ்வோர் உதிரிப்பாகமும் அதே வேகத்தில் ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டும் மக்கள் பழைய வாகனங்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினர். வண்டிகள் மூத்தன, விளக்குகள் மங்கின, பணப்பை மெலிந்தது.

இந்நிலையில் உரிமையாளன் என்ன செய்கிறான்? முழு விளக்குக்குக் கட்டுப்படியாகாது, பழைய சாமான் கடையிலே இன்னொரு விபத்து வண்டியிற் கழற்றிய விளக்கைத் தேடுகிறான். அதுவும் கிடையாவிடின், சந்தையில் மலிவாக விற்கும் கூசும் வெள்ளை மின்குமிழை, அதற்கென்று அமையாத கூட்டுக்குள் திணிக்கிறான். ஒளி தன் எல்லையை விட்டுச் சிதறுகிறது. அவனுக்கு வீதி வெளிச்சம். எதிரே வரும் சைக்கிள்காரனுக்கு உலகமே இருள். சட்டம் கைவிட்ட இடத்தில் வறுமை சட்டம் எழுதினால் இப்படித்தான் எழுதும்.

புகையைப் பார்ப்போர் ஒளியைப் பாரார்

ஒவ்வோராண்டும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறப் போகிறோம். காப்புறுதியைக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனையை நாம் குறைகூறவில்லை. காற்றுத் தூய்மையாக இருக்கத்தான் வேண்டும். ஆனால், பின்னாற் போகும் புகையை அளக்கக் கருவி வாங்கிய நாடு, முன்னாற் போகும் ஒளியை அளக்க ஒரு கருவி வாங்க மாட்டாதா? பயணிகளையும் பாரத்தையும் ஏற்றும் பெரிய வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் கார் இருபது ஆண்டு ஓடினாலும், அதன் முன்விளக்கு எங்கே நோக்குகிறது, எவ்வளவு எரிகிறது என்று கேட்பார் இல்லை. கேட்பவர் ஒருவர் மாத்திரம் உண்டு. அவர் இரவில் வீதியில் மறித்துத் தண்டத்தாள் எழுதும் பொலிஸ்காரர்! பிறவிக் குறைக்கும் தண்டம், தேய்வுக்கும் தண்டம். எல்லாம் உரிமையாளன் தலையில்.

"பழைய வாகனம் வாங்கியவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று வியாபாரிகள் சார்பிற் சொல்வோர் உண்டு. ஒட்டி அடைத்த கூட்டுக்குள் இருக்கும் மின்கருவியின் குறையை எந்தக் கண்ணால் பார்ப்பது? செய்த கம்பனிக்கே ஆண்டுகள் பல கழிந்து தெரியவந்த குறையைப் புத்தூர் வெங்காயச் செய்கையாளர் வாங்கும் நேரத்திலே கண்டுபிடிக்க வேண்டுமாம்!

"இதற்கெல்லாம் அரசாங்கத்திடம் பணம் இல்லை" என்பது அடுத்த சாட்டு. நாம் அரசாங்கத்தின் பணத்தைக் கேட்கவில்லை. திருத்தும் செலவு செய்தவனுடையது. அவனிடம் பெற்றுக் கொடுக்கும் கடமை இறக்குமதி செய்து இலாபம் எடுத்தவனுடையது. அரசாங்கம் செய்யவேண்டியது கையொப்பம் இடுவது ஒன்றே. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உடையது. அரிசிக்கும் சீனிக்கும் விலை எழுதிய பேனா, அடிச்சட்ட இலக்கத்துக்கு நேரே ஒரு வரி எழுத மறுப்பதேன்?

நாம் கேட்பவை

எமது கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: எந்த நாட்டிலிருந்து வரும் வாகனமாயினும், பதிவு செய்யுமுன் அதன் அடிச்சட்ட இலக்கத்துக்குத் திருத்தப்படாத மீளழைப்பு உண்டா என்று இறக்குமதியாளன் சான்று காட்டவேண்டும். உண்டாயின், திருத்திய பின்னரே பதிவு.

இரண்டு: விற்பனைக்குப் பின் அறிவிக்கப்படும் மீளழைப்புக்கும், புதிய வாகனம், 'றீகண்டிஷன்' வாகனம் என்ற பேதமின்றி, கம்பனியின் இலங்கை முகவரும் இறக்குமதியாளரும் பொறுப்பேற்று இலவசமாகத் திருத்திக் கொடுக்கச் சட்டம் வேண்டும்.

மூன்று: புகைப் பரிசோதனை நடக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், முன்விளக்கின் ஒளியும் நோக்கும் சோதிக்கப்பட வேண்டும். குறை கண்டால் தண்டமன்று, திருத்த நியாயமான தவணை வேண்டும்.

நான்கு: முன்விளக்கு, தடுப்பு முதலிய உயிர்காக்கும் உதிரிப்பாகங்களை ஆடம்பரப் பொருள்போல் வரிவிதித்து வருத்தக்கூடாது.

ஐந்து: மீளழைப்பு அறிவித்தல்கள் தமிழிலும் வரவேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதிவைத்தது. ஆபத்தை அறிவிக்கும் கடிதம் வாசிக்க விளங்காத மொழியில் வருமாயின் அது அறிவித்தலன்று, அவமதிப்பு. வருமான அனுமதிப்பத்திரத்தை மாகாண நிர்வாகமே வழங்குகிறது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் அதன் ஏட்டிலேயே இருக்கின்றன. அந்த ஏட்டைக் கொண்டு வரி அறவிடத் தெரிந்தவர்களுக்கு, அதே ஏட்டைக் கொண்டு எச்சரிக்கை அனுப்பவும் தெரியவேண்டும்.

எம்மவர்க்கும் ஒரு சொல். சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்தால் மீளழைப்பு நிலையைக் காட்டும் ஏற்பாட்டை யப்பானியக் கம்பனிகள் இணையத்தில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவும் 2014 முதல் தன் நாட்டு வாகனங்களுக்கு அவ்வாறே செய்துள்ளது. யப்பானிய மொழி தடையாயின், கற்ற இளைஞர் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு மாலை அமர்ந்து அயலவரின் இலக்கங்களைத் தேடிக் கொடுக்கட்டும். கமக்காரர் அமைப்புகளும் லொறி உரிமையாளர் சங்கங்களும் தம் வாகனங்களின் குறைகளைத் திகதியிட்டு எழுதி, நுகர்வோர் அதிகாரசபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். எழுதாத முறைப்பாடு எந்தத் திணைக்களத்தின் மேசையிலும் இல்லை. எதிரே வருபவன் கண்ணைப் பறிக்கும் மின்குமிழைக் கழற்றி எறிவோம். நீதி கேட்பவன் அநீதி செய்யலாகாது.

பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் எம் பிரதிநிதிகளை நாம் நேரே கேட்கிறோம். வாகன அனுமதிப்பத்திரம் உறுப்பினர்களுக்கு உண்டா இல்லையா என்ற விவாதத்தில் கேட்ட குரல்கள், வாகனம் வாங்கிய குடிமகனின் உரிமை பற்றி என்றேனும் கேட்டனவா? தனிநபர் பிரேரணை ஒன்றைக் கொண்டுவர எவர் தடுத்தார்? 1951இன் சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. தண்டத்தை உயர்த்தத் திருத்தத் தெரிந்த சபைக்கு, குடிமகனைக் காக்க இன்னும் ஒருமுறை திருத்தத் தெரியாதா?

நாம் கேட்பது சலுகையன்று. யப்பானியன் விலை கொடாமலே பெறும் பாதுகாப்பை, காரின் விலைக்கு மேல் வரியும் கொடுத்த இலங்கையன் கேட்கிறான். அவ்வளவே. அதற்கும் மறுமொழி இல்லையென்றால், இருட்டில் இருப்பது எமது வீதிகள் மாத்திரமல்ல என்று முடிவுகட்ட வேண்டியதுதான்.